மஞ்சள் கடுதாசிக்கும் ஃபீஸ் வாங்கி ஏமாற்றினால்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளி வியாபாரம் நொடித்துப்போன பக்கத்து வீட்டு அண்ணனிடம், மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் மனு, கொடுத்துவிடலாம் என்று ஃபீஸ் வாங்கிய வக்கீல் மனுவே தாக்கல் செய்யவில்லை. கேட்டால் வாய்தா, வாய்தா என்றே சொல்லியிருக்கிறார். கடன் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். கடைசிக் காசையும் பிடுங்குவது பெரிய அநியாயம், எனக்கு மனசே ஆறவில்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. வக்கீல் சேவை அதில் வராது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, ஆனால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், 35ஆவது பிரிவு இருக்கிறதே! வக்கீல்களைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்துக் கண்டிக்கலாம், கொஞ்ச காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். பார் கவுன்சில் நம்ம பாரிமுனை ஹைகோர்ட் வளாகத்திலேயேதான் இருக்கிறது.

ஃபீஸ் ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள். திங்கட்கிழமை அண்ணனோடு நானும் போகிறேன்.