ரோமச் சமயத் தாள்: ‘எங்கே?’ என்று கேட்டுப் படியுங்கள்

பண்டைய ரோமானியரின் சமயம் பற்றிய தேர்வுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும் என்பதால் நேராக எல்லோரும் குழம்பும் பகுதிக்கு வருகிறேன்: வீட்டுத் தெய்வங்கள், இறந்தோர் விழாக்கள்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்வி. சடங்கு எங்கே நடக்கிறது? தேதியெல்லாம் அப்புறம்.

பாரென்டாலியா, அதாவது குடும்பத்தில் இறந்தோருக்கான விழா, பிப்ரவரி 13 முதல் 21 வரை. இடம், ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறை. மாலை, தானியம், உப்பு, மதுவில் நனைத்த ரொட்டி, கொஞ்சம் பூ: ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் படையல் அவ்வளவுதான். கோயில்கள் மூடியிருக்கும், கல்யாணம் கிடையாது. 21ஆம் தேதி, ஃபெராலியா என்ற கடைசி நாளோடு முடிகிறது. மறுநாளே காரிஸ்டியா, இடம் வீட்டுக்கு மாறிவிடுகிறது. உயிரோடிருக்கும் உறவினர் கூடிச் சாப்பிட்டு, லாரேஸ் என்ற வீட்டுக் காவல் தெய்வங்களுக்கும் ஒரு பங்கு வைக்கிறார்கள். கல்லறையிலிருந்து பந்திக்கு வரும் இந்த நகர்வை வைத்தே ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். நான் எழுதினேன்.

லெமூரியா, அதாவது வீட்டுக்கு வரும் இறந்தோர் ஆவிகளை வெளியேற்றும் விழா, மே 9, 11, 13. வீட்டுக்குள், நள்ளிரவில். குடும்பத் தலைவர் வெறுங்காலோடு எழுந்து, கை கழுவி, கறுப்பு அவரைக்கொட்டைகளை முகத்தைத் திருப்பிக்கொண்டு எறிகிறார். இவற்றால் என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் மீட்கிறேன் என்று ஒன்பது முறை. பிறகு வெண்கலத்தைத் தட்டி, முன்னோரே வெளியே போங்கள் என்று இன்னொரு ஒன்பது முறை. பிப்ரவரியில் குடும்பத்தினர் இறந்தோரைத் தேடிப் போனார்கள். மே மாதம் இறந்தோரே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டையும் ‘முன்னோர் வழிபாடு’ என்று ஒரே வரியில் அடக்குபவர்களுக்கு மதிப்பெண் போவதில் ஆச்சரியமில்லை.

சந்திகளைக் காக்கும் லாரேஸுக்கான கொம்பிட்டாலியா விழா நடப்பது தெருச் சந்தியில், குளிர்காலத்தில், ஆண்டுதோறும் மாறும் தேதியில். முந்தைய இரவு சுதந்திர மனிதர்களுக்குத் தலைக்கொரு கம்பளிப் பொம்மை, அடிமைகளுக்குக் கம்பளிப் பந்து தொங்கவிடுவார்கள். கி.மு. 7இல் பேரரசர் அகஸ்டஸ் ரோம் நகரை 14 பகுதிகளாகப் பிரித்துச் சந்தி வழிபாட்டைத் தன் பெயரோடு பிணைத்தார். அரசியலைத் தொட்டுக் கேட்டால் இங்கே போய்விடுங்கள்.

மிச்சம்:

- பொம்பே என்ற பழைய ரோம நகரில் ‘வெட்டியர் வீடு’ என்ற வீட்டின் பூசை மாடம்: நடுவே ஜீனியஸ் (குடும்பத் தலைவரின் காவல் ஆவி), இருபுறமும் கொம்புக் கிண்ணத்தோடு ஆடும் லாரேஸ், கீழே பாம்பு. வரைந்தே பழகுங்கள்.
- பெனாட்டேஸ் என்றால் வீட்டுக் களஞ்சியத்தைக் காக்கும் தெய்வங்கள்.
- ஓவிடின் ‘ஃபாஸ்டி’ என்ற நாட்காட்டிக் கவிதையில் பிப்ரவரிக்கு 2ஆம் நூல், மே மாதத்துக்கு 5ஆம் நூல். அவர் கவிஞர், பூசாரி அல்ல என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.
- லத்தீன் மேற்கோள் மனப்பாடமா? எனக்கு மண்டையில் நிற்காது, விட்டுவிட்டேன். நிற்பவர்கள் படிக்கலாம்.