நிழல் விலை 10 இல்லை, 7: ஓ.ஆர். தாளுக்குப் படித்த அனுபவம்

எம்.எஸ்சி. கணிதத்தில் ஓ.ஆர். (ஆபரேஷன்ஸ் ரிசர்ச்) தாளை முதல் தடவை எழுதியபோது, இருக்கிற வளங்களை வைத்து அதிகபட்ச பலன் எடுக்கும் வழியைப் படிப்படியாகக் காணும் சிம்ப்ளெக்ஸ் அட்டவணையைப் பிழையில்லாமல் போட்டேன். மதிப்பெண் போனது, 'விடைக்கு விளக்கம் தருக' என்ற கடைசிப் பகுதியில். அட்டவணை போடத்தான் பழகியிருந்தேனே தவிர, எந்த வளம் தட்டுப்பாடு என்று ஒரு கணக்கிலும் கேட்டுப் பார்த்ததில்லை.

அரியருக்குப் படிக்க உட்கார்ந்தபோது, இந்தக் கணக்குகள் பிறந்த இடத்துக்கே போனேன். ஜார்ஜ் டான்சிக் 1947-இல் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கியது அமெரிக்க விமானப்படையின் திட்டமிடலுக்காகத்தான். அடுத்த வருடமே சோவியத் யூனியனின் பெர்லின் முற்றுகை. சாலையும் ரயிலும் அடைபட்டதால் மேற்கு பெர்லினுக்கு நிலக்கரி, மாவு எல்லாமே விமானத்தில் போக வேண்டியதாயிற்று. நாளுக்கு 4,500 டன்னாவது வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

சரக்கு விமானங்களில் சி-47 ஒரு நடைக்குச் சுமார் 3 டன் சுமக்கும், சி-54 சுமார் 10 டன். எது வந்தாலும் ஓடுபாதையில் ஒரு முறைதான் இறங்கும். 3 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு ஓடுபாதையில் நாளுக்கு 480 இறக்கம். எல்லாமே சி-47 என்றால் 1,440 டன், சி-54 என்றால் 4,800. இதைப் பெருக்கிப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்றது: தட்டுப்பாடு ஓடுபாதை நேரத்தில் இருக்கிறது. 1948 ஆகஸ்ட் 13 அன்று மோசமான வானிலையில் விமானங்கள் இறங்க முடியாமல் பெர்லினுக்கு மேலே அடுக்கடுக்காகச் சுற்றின. அதன்பிறகு இந்த விமானப் போக்குவரத்தை நடத்திய தளபதி டன்னர் போட்ட உத்தரவு, முதல் முயற்சியில் இறங்க முடியாதவர் சரக்கோடு திரும்பிவிட வேண்டும் என்பது. கொண்டுவந்த 10 டன்னைத் திருப்பி அனுப்புவதா என்று தோன்றும். ஆனால் ஒருவர் வட்டமடித்தால் பின்னால் வரும் எல்லோருடைய நேரமும் போகும்.

சரி, இதையே பயிற்சிக் கணக்காக்குங்கள். சி-54 நாளுக்கு 360 நடைதான் வரும், மீதி 120 இறக்கம் சி-47-க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,960 டன். இன்னொரு சி-54 நடை கிடைத்தால் எவ்வளவு கூடும்? நான் முதலில் 10 என்றுதான் எழுதினேன். அது இறங்க ஒரு சி-47 விலக வேண்டும், ஆகவே 7. கூடுதலாக ஓர் இறக்கம் மட்டும் கிடைத்தால் 3. ஒரு வளம் ஓர் அலகு கூடினால் மொத்தம் எவ்வளவு கூடும் என்பதுதான் நிழல் விலை, இவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொரு கணக்கிலும் அட்டவணைக்கு முன்னால் 'இங்கே எது தீர்ந்துபோகும், எந்த அலகில்?' என்று ஒரு வரி எழுதினேன். அட்டவணை முடிந்ததும் அந்த வளத்தில் ஒன்றைக் கூட்டி, மொத்தம் எவ்வளவு மாறுகிறது என்று கையால் போட்டுப் பார்த்தேன். கணக்குக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். அதையும் ஒதுக்கியே தேர்வு நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.