திருக்கோட்டியூரில் திருப்பி வைத்த விளக்கு

மாசி மகத்தை ஒட்டிய தெப்பத்தன்று திருக்கோட்டியூர்த் தெப்பக்குளத்தின் கரை முழுவதும் அகல் விளக்குகள் நிறைந்திருக்கும். அவற்றில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, சிறு பெட்டியில் காசும் துளசியும் இட்டு மூடிப் பூசையறையில் வைத்து வேண்டிக்கொள்வதும், வேண்டியது நிறைவேறியபின் தெப்பத்துக்கு வந்து அந்த விளக்கோடு இன்னொரு நெய் விளக்கையும் ஏற்றி வைப்பதும் இவ்வூர் வழக்கம். எடுத்தவர் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை; திரும்பி வராதவரைத் தேடி யாரும் வரப்போவதுமில்லை.

என் தம்பியின் அறுவை சிகிச்சைக்கு முன் அப்படி ஒரு விளக்கை எடுத்துச் சென்றிருந்தேன். அவன் நலமடைந்தான். மறு தெப்பத்துக்குக் கிளம்பவிருந்த வாரத்தில் பங்காளி வீட்டில் ஒரு சாவு. காரியம் முடியும்வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்றார் அம்மா. இறந்தவரோ பல ஆண்டுகளாக எங்களோடு பேச்சில்லாதவர். “அந்தக் கூட்டத்தில் யாருக்கம்மா தெரியப்போகிறது?” என்றேன். “தெரியாதுதான். போவதென்றால் போ, விளக்கை நான் எடுத்துத் தரமாட்டேன்” என்றார். நான் போகவில்லை. தீட்டு என்பதில் எனக்கு அன்றும் இன்றும் முழு உடன்பாடு கிடையாது. ஆயினும் அம்மாவின் மனத்தை மீறி ஏற்றும் விளக்கு வேண்டுதலாகாது என்று தோன்றியது. விடுப்புக் கேட்கும் தொல்லை நீங்கியதில் உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

இந்த மாசியில் விளக்கோடு வந்து, முதலில் சௌமிய நாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டு கருவறைக்கு மேலுள்ள அஷ்டாங்க விமானத்தின் குறுகலான படிகளில் ஏறினேன். மேலே இராமானுசருக்குச் சிலை இருக்கிறது. திருக்கோட்டியூர் நம்பி என்னும் குருவிடம் மந்திரப் பொருள் கேட்கத் திருவரங்கத்திலிருந்து அவர் 18 முறை இவ்வூருக்கு நடந்தார் என்பது குருபரம்பரைக் கதை. துறவிக்குரிய சின்னங்களான ‘தண்டும் பவித்திரமுமாக’த் தனியே வரச் சொல்லியிருந்த நம்பியின் முன், தம் சீடர்கள் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன் அழைத்து வந்து நின்று, இவர்களே என் தண்டும் பவித்திரமும் என்றாராம். கட்டளையின் சொல்லைக் காத்துக்கொண்டே அதன் எல்லையை நெகிழ்த்திய அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் உபதேசத்தை எவருக்கும் வெளியிடலாகாது என்ற ஆணையை அவர் அப்படி நெகிழ்த்தவில்லை; கூடியிருந்த எல்லோரும் கேட்க உரக்கச் சொல்லி, வெளிப்படையாகவே மீறினார். குரு காரணம் கேட்டபோது, ஆணையை மீறியவனுக்கு நரகம் என்பதை மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை; தான் ஒருவன் நரகம் புகுந்தாலும் கேட்டவர்கள் அனைவரும் உய்வார்களே என்றார். நம்பி அவரைத் தழுவிக்கொண்டு ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார்.

மேடைகளில் இக்கதை சாதி வேலியைத் தாண்டிய புரட்சியாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்தச் சிலையின் முன் நின்றபோது என் மனம் தண்டனையை ஏற்ற அந்தப் பதிலிலேயே தங்கிவிட்டது. அவர் மீறியது பிறருக்காக, ஊரறிய, அதற்குரிய விலையைத் தாமே கொடுப்பதாகச் சொல்லி. நான் மீற நினைத்தது எனக்காக, கூட்டத்தில் மறைந்து, யாருக்கும் தெரியாது என்ற ஒரே துணிவில். அம்மா தடுத்தது தீட்டைத்தானா என்ற ஐயம் படியிறங்கும் வரை தொடர்ந்தது.

இருட்டியபின் குளக்கரையில் பழைய அகலையும் புதியதையும் அருகருகே ஏற்றினேன். சற்று நேரத்தில், முக்காடிட்ட ஒரு மூதாட்டி என் பக்கத்தில் அமர்ந்து, “எடுத்துக்கலாமா தம்பி?” என்று பழைய அகலைக் காட்டினார். எதற்காக என்று நான் கேட்கவில்லை. எனக்கு என்ன கிடைத்தது என்று அவரும் கேட்கவில்லை. சுடரைக் கையால் மறைத்தபடி, மற்ற விளக்குகளை மிதிக்காமல், ஒவ்வொரு படியாக அவர் மேலேறினார்.