திட்டாத ஊரில் நர்ஸ் வேலை

மதுரையில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் ஒருவர் இருந்தார். கோபம் வந்தால் கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிவார், நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னாலேயே "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார், அரை மணி நேரம் கழித்து "சாப்பிட்டியாடி" என்று தன் டிபன் டப்பாவைத் திறந்து வைப்பார். அது சரி என்று சொல்ல வரவில்லை. நானும் இன்சார்ஜ் ஆன பிறகு ட்ரெயினிங் பிள்ளைகளிடம் அதே குரலில்தான் பேசினேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அங்கே அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியும். இங்கிலாந்துக்கு வந்து ஆறேழு மாதம் ஆன பிறகுதான், சத்தமே போடாமலும் ஒருத்தியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம் என்று எனக்குப் புரிந்தது.

வந்த கதை பலருக்கும் தெரிந்த கதைதான். 2022 ஜனவரி, கடுங்குளிர், இரண்டு பெட்டி, அதில் ஒன்று முழுக்க சாம்பார் பொடி. நார்த்தாம்ப்டனில் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, 10 ஸ்டேஷன், அதில் ஒன்றில் கோட்டைவிட்டு அதை மட்டும் மறுபடி செய்தேன். நர்ஸாகப் பதிவானதற்கான 'பின்' நம்பர் வரும்வரை பேண்ட் 4 என்ற கீழ்ப்படிச் சம்பளம், வந்த பிறகு பதிவான நர்ஸுக்குரிய பேண்ட் 5. சரி, இனி நிம்மதி என்று நினைத்தேன்.

முதல் வாரமே ஒரு கூத்து. நம் ஊரில் வெள்ளைச் சட்டை போட்ட பெண் எல்லோரும் சிஸ்டர்தானே, பழக்கதோஷத்தில் பக்கத்தில் நின்ற நர்ஸை "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டேன். இங்கே சிஸ்டர் என்றால் வார்டுக்குப் பொறுப்பானவர். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, எதிரே இருந்தவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான். அந்த மாதம் முழுக்க ஓய்வறையில் நான் நுழையும்போதெல்லாம் யாராவது ஒருத்தி "ஹலோ சிஸ்டர்" என்பாள், மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் புகார் என்று யாரிடம் கொண்டுபோவது? அம்மாவிடம் சொன்னால் "நாலு காசு சம்பாதிக்கப் போன இடத்துல ரோஷம் எதுக்குடி" என்கிறாள். தனித்தனியாக எடுத்தால் எல்லாமே அற்ப விஷயம். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவரில் நான் பேச ஆரம்பித்ததும் ஒருத்தி பேனாவை மூடி வைத்துவிடுவாள். நான் சொன்னது தெளிவாகக் கேட்டிருந்தாலும் "சாரி லவ், என்ன சொன்னாய்?" என்று மூன்று முறை கேட்பாள். வார்டில் ஆள் மிஞ்சினால் வேறு வார்டுக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் நானோ, ஃபிலிப்பைன்ஸிலிருந்து வந்த அந்தப் பையனோதான். ஓய்வறையில் இரண்டு மலையாளப் பெண்கள் தங்களுக்குள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்ததற்கு எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது, ஆங்கிலத்தில் மட்டும் பேசவும் என்று. அப்புறம் டியூட்டி பட்டியல். இங்கே அதற்குப் பெயர் 'ஆஃப் டியூட்டி'. நமக்கு ஆஃப் என்றால் லீவு, இவர்களுக்கு ஆஃப் டியூட்டி என்றால் எந்தெந்த நாள் வேலை என்ற அட்டவணை. அதில் என் பெயருக்கு நேரே தொடர்ந்து மூன்று சனி ஞாயிறு, பெரும்பாலும் நைட். பன்னிரண்டரை மணி நேர ஷிஃப்ட், நடுவில் ஒரு மணி நேர இடைவேளைக்குச் சம்பளம் கிடையாது. இடைவேளைக்குப் போகவே முடியாத இரவுகளிலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்துத்தான் சம்பளம் வரும்.

அப்படி ஒரு நைட்டில்தான் அது நடந்தது. எழுபது வயதுக்காரர், நிமோனியாவுக்காக வந்தவர், சாயங்காலம் வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். இரவு 2.40க்குப் பார்க்கிறேன், மூச்சு நிமிடத்துக்கு 26, ஆக்சிஜன் 91, நாடி 104. இங்கே நியூஸ் 2 என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு, மூச்சு, ஆக்சிஜன், இரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்ட வேண்டும், 7 வந்தால் அவசரம், உடனே டாக்டர் வரவேண்டும். இவருக்குச் சரியாக 7. இன்சார்ஜிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே "அவர் எப்போதும் அப்படித்தான், பதறாதே, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. மதுரையாக இருந்தால் மேலே உள்ளவர் சொன்னதைத் தாண்டிப் போயிருக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். 2.55க்கு நானே டாக்டரைப் பேஜரில் கூப்பிட்டேன். அவர் வந்தார், பார்த்தார், விடிவதற்குள் நோயாளி தீவிர கவனிப்புப் பிரிவுக்குப் போய்விட்டார்.

காலை ஹேண்டோவரில் இன்சார்ஜ் எல்லோர் முன்னாலும், குரல் உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு சொன்னார்: "எங்களிடம் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அடுத்த முறை கேட்க வெட்கப்படாதே." யாரும் ஒன்றும் பேசவில்லை. பேருந்தில் உட்கார்ந்து அழுதபோதுதான் உறைத்தது, நான் 2.40, 2.45, 2.55 எல்லாவற்றையும் நோட்ஸில் எழுதியிருக்கிறேன், யாரிடம் சொன்னேன், என்ன பதில் வந்தது என்பது உட்பட. "எழுதாதது செய்யாதது" என்று ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ படிக்கும்போது அடித்துச் சொல்லிக்கொடுத்தது, இத்தனை வருடத்தில் நோயாளிக்காக மட்டுமே பயன்பட்டிருந்தது.

அன்று மாலை மூத்த மலையாள நர்ஸ் ஒருவருக்கு ஃபோன் செய்தேன், நாங்கள் எல்லோரும் சேச்சி என்போம், இருபது வருடமாக இங்கே இருப்பவர். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எழுது மோளே, தேதி, மணி, யார் இருந்தார்கள், என்ன வார்த்தை. உன் கருத்தை எழுதாதே, நடந்ததை எழுது" என்றார். ஒரு பவுண்டுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். அந்த இரவைப் பற்றி டேடிக்ஸ் போட்டேன், அது சம்பவங்களைப் பதிவு செய்யும் கணினி முறை, நம்மவர்கள் அதைத் தொடவே பயப்படுவார்கள், கோள் சொல்வது மாதிரி என்று. வாய்வார்த்தையாக மேனேஜரிடம் பேசியதை எல்லாம், "இன்று நாம் பேசியபடி" என்று ஆரம்பித்து அன்றே மின்னஞ்சலாகவும் அனுப்பிவைத்தேன். மூன்று மாதப் பட்டியலை எடுத்து, எனக்கு எத்தனை வார இறுதி, மற்றவர்களுக்கு எத்தனை என்று எண்ணி, ஒரு பக்கக் கணக்காகக் கொடுத்தேன். அந்த ஒரு தாள் செய்த வேலையை என் கண்ணீர் செய்திருக்காது.

ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால், விசா. வேலை போனால் வேறு ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, தேட வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும். போதாததற்கு, 3 வருடத்துக்குள் விட்டுப் போனால் தேர்வுச் செலவு, விமானச் செலவைத் திருப்பிக் கட்டு என்று என் ஒப்பந்தத்தில் இருந்தது. (ஸ்பான்சர் சான்றிதழ் கட்டணத்தையும், வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டும் இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜையும் மட்டும் முதலாளி நம் தலையில் கட்டக்கூடாது, அதைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.) எனக்குத் தெரியாமல் போனது இன்னொன்று: அதே நிர்வாகத்துக்குள், அதே வேலைக்கு, வேறு வார்டுக்கு மாறினால் புது விசா தேவையில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

இந்த ஊருக்கும் இது புதிதல்ல. மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் என்ற ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் நோயாளிகள் கவனிப்பாரின்றிக் கிடந்த கொடுமையில், அங்கே அவசரப் பிரிவில் இருந்த ஹெலீன் டானலி என்ற நர்ஸ் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தும் எடுபடவில்லை. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் நடந்த விசாரணை 2013ல் அறிக்கை கொடுத்தது. அவரே 2015ல் சொன்ன யோசனைப்படிதான் இப்போது அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸின் ஒவ்வொரு டிரஸ்டிலும், அதாவது ஆஸ்பத்திரி நிர்வாகத்திலும், வேலை செய்பவர்கள் பயமில்லாமல் குறையைச் சொல்ல 'ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன்' என்று ஒருவர் இருக்கிறார். நான் பார்த்தவர் நல்ல மனுஷி, ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். அவரால் எல்லாம் மாறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எழுதிக்கொண்டதைப் பார்த்தபோது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. நர்ஸ்கள் சங்கத்தில் அதற்கு முன்பே, அந்தச் சங்கமான ஆர்சிஎன் இங்கிலாந்தில் முதல்முறையாக வேலைநிறுத்தம் செய்த 2022 டிசம்பரில், கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்திருந்தேன், அது அதிர்ஷ்டம்தான். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் பழைய பிரச்சினைக்கு உதவி கிடைப்பது கஷ்டம்.

விசாரணை என்று ஒன்று நடந்தது, "தகவல் பரிமாற்றத்தில் இடைவெளி" என்று முடித்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டியல் மட்டும் அடுத்த மாதமே ஒழுங்கானது. இரண்டு மாதம் கழித்து நான் டயாலிசிஸ் பிரிவுக்கு மாறினேன். இங்கேயும் எல்லோரும் தேவதைகள் இல்லை, ஆனால் என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று வந்த முதல் நாளே கேட்டார்கள்.

பழைய வார்டில் கடைசி நாள் கேக் வெட்டினார்கள். "உன்னை ரொம்ப மிஸ் பண்ணுவோம்" என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பெரிய அட்டை, முதல் கையெழுத்தே அந்த இன்சார்ஜுடையது, பக்கத்தில் இரண்டு முத்தக் குறி வேறு. என் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. தூக்கிப்போடவும் மனமில்லை, எடுத்து வைக்கவும் மனமில்லை, குக்கர் கேஸ்கெட் போட்டு வைத்திருக்கிற டப்பாவுக்குள் இன்னும் கிடக்கிறது.