சிரட்டையில் பயறு: புளியரை நாட்குறிப்பு

ஜூன் 9
எந்தத் தண்ணி ஊற்றினால் பயறு நல்லா வரும்? மகளுக்குப் பள்ளியில் கொடுத்த செயல்முறை. கண்ணுள்ள பாதித் தேங்காய்ச் சிரட்டை அஞ்சு எடுத்து, கண்ணைக் குத்தித் திறந்து, வயல் மண் போட்டு, ஒவ்வொன்றிலும் மூணு தட்டப்பயறு ஊன்றினோம். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணி, ஒன்றுக்கு அரிசி கழுவின கழனித்தண்ணி, ஒன்றுக்கு ஆறின கட்டன் சாயா (கேரள எல்லையில் இருக்கோம், பால் விடாத டீக்கு வீட்டில் அதுதான் பேர்), ஒன்றுக்கு லிட்டருக்கு ரெண்டு ஸ்பூன் உப்பு. அஞ்சாவதுக்கும் கிணற்றுத் தண்ணிதான். இடம் மட்டும் கதவு சாத்தின அலமாரி. இருமல் மருந்து மூடியால் தினம் மூணு மூடி.

ஜூன் 13
கிணற்றுத் தண்ணியில் மூணும் முளைச்சாச்சு. தண்டு கொக்கி மாதிரி வளைஞ்சு, முதுகால் மண்ணை முட்டித் திறந்து, பருப்பு ரெண்டையும் பின்னால் இழுத்துக்கிட்டு வருது. நேரா வந்தால் குருத்து மண்ணில் உரசிக் கிழிஞ்சிரும். அரைமணி நேரம் குனிஞ்சு பார்த்ததில் எனக்குத்தான் இடுப்பு வலி.

ஜூன் 16
"ஒரு பிள்ளைக்குச் சோறு, ஒரு பிள்ளைக்கு வெறுந்தண்ணியா?" என்று ஆச்சி சாயாச் செடிக்கும் ஒரு டம்ளர் கழனி ஊற்றிட்டாங்க. மகள் ஒரே அழுகை. அதையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

ஜூன் 18
கிணறு 11 செ.மீ., கழனி 12, சாயா 6. கழனியில் புளிச்ச வாடை, மண்மேல் பொடிப் பூச்சி. அலமாரிச் செடி 19! "இருட்டுதான் ஃபர்ஸ்ட்" என்று மகள் குதிச்சாள். கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளை நூல். உச்சியில் நகக்கண் அளவுக்கு ரெண்டு மஞ்சள் இலை. பருப்பில் இருந்ததையெல்லாம் வெளிச்சம் தேடியே செலவழிச்சிருக்கு. இலை அகலம், நிறம், தண்டுப் பருமன் என்று நோட்டில் மூணு கட்டம் கூடுதலாப் போட்டோம். அந்தச் செடியை வெளியே வைச்சு ஈர்க்குச்சி கட்டினேன்.

ஜூன் 19
உப்புச் சிரட்டையில் ஒரு விதையைத் தோண்டினோம். அரைகுறையாத்தான் ஊறியிருக்கு. மாவடுவில் உப்புப் போட்டால் தண்ணி வெளியே வந்திருமே, அந்த இழுப்புதான் இங்கேயும்: மண் ஈரமா இருந்தும் விதையால் குடிக்க முடியலை.

ஜூன் 22
மூணு நாளா ஆரியங்காவுக் கணவாய்ச் சாரல். சிரட்டைகளை உள்ளே எடுக்க மறந்தது நான்தான். எல்லாக் கண்ணிலும் தண்ணி ஒழுகுது. இனி அளவாவது ஒண்ணாவது.

ஜூன் 25
அலமாரிச் செடி பச்சை பிடிச்சிருச்சு, நிற்கத்தான் தெம்பில்லை. உப்பைச் சாரல் கழுவிட்டுப் போயிருக்கு போல: அந்தச் சிரட்டை ஓரத்தில் மண் வெடிச்சு, உள்ளே ஒரு வெளிர்பச்சைக் கொக்கி. நாளைக்கு நோட்டைக் கொடுக்கணும். "உப்பு: முளைக்கவில்லை" என்று எழுதின பக்கத்தை மகள் ரப்பரால் அழிச்சுக்கிட்டு இருக்கா.