வாசல் மணி

ஹாம்பர்க் வந்த முதல் டிசம்பர். காலை எட்டரை வரை விடியாது, மாலை நாலுக்கே இருட்டிவிடும். வீட்டுக்காரர் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவார். எனக்கு வேலை இல்லை, ஜெர்மனும் தெரியாது. மனசு கனத்துப்போன ஒரு மத்தியானம் போனில் ஒரு ஸ்கார்ஃப் ஆர்டர் போட்டேன். மூன்றாம் நாள் வாசல் மணி அடித்தது. குடிவந்த பிறகு எங்கள் மணியை அடித்த முதல் ஆள் அந்த டெலிவரிக்காரர்தான்.

அப்புறம் பிடித்துக்கொண்டது. மெழுகுவத்தி, கம்பளிக் காலுறை, கேக் செய்யவே தெரியாத எனக்கு மூன்று கேக் அச்சு. இங்கே ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான சாமான்களை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், சட்டமே அப்படி. முதலில் சாமானை அனுப்பிவிட்டு, பில் பணத்தைப் பிறகு கட்டினால் போதும் என்கிற கடைகளும் உண்டு. காசு போவதே உறைக்காது. வந்தால் ஒரு நாள் சந்தோஷம், திருப்பினால் பார்சல் கடைவரை ஒரு நடை. ரெண்டும் லாபம்தானே என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொள்வேன். திருப்ப மறந்ததெல்லாம் கட்டிலுக்கடியில் சேர்ந்தது.

ஞாயிறுதான் கொடுமை. ஞாயிறு ஓய்வு இந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, கடைத்தெரு வெறிச்சோடிவிடும். பெரிய ரயில் நிலையத்துக்குள் மட்டும் சில கடைகள் திறந்திருக்கும். வாங்க ஒன்றுமில்லாமலே போய் அந்த வெளிச்சத்தில் நின்றிருக்கிறேன். திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் அம்மாவோடு புடவை எடுக்கப் போனால் அரை நாள் ஆகும். கடைக்காரர் இருபது புடவையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே யாருக்குக் கல்யாணம் என்று விசாரிப்பார். எடுக்காமல் எழுந்து வந்தாலும் வாய் ஓய்ந்திருக்காது.

ஜனவரியில் ஜெர்மன் வகுப்பு தொடங்கியதும் பார்சல்கள் எதிர்வீட்டு அம்மாவிடம் போயின. ஆள் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு நமக்கு ஒரு சீட்டு வைத்துப் போவது இங்கே வழக்கம். வாங்கப் போகும்போதெல்லாம் "ஷோன் வீடர்!" என்பார். மறுபடியுமா! காதெல்லாம் சுடும். பதிலுக்கு அன்றைக்குப் படித்த வாக்கியம் ஒன்றைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிட்டு வருவேன்.

பிப்ரவரியில் கட்டவேண்டிய பில்களை வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டு மேஜையில் அடுக்கி வைத்தார். அதோடு நிறுத்தினேன்.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. எதுவும் ஆர்டர் போடவில்லையே என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். எதிர்வீட்டு அம்மா, வெறுங்கையோடு.

"பார்சலே வரக் காணோமே, உடம்புக்கு முடியவில்லையா?"