யூகோ, ஏப்ரல் முதல்

ஏப்ரல் 6

வந்துவிட்டது. டொலீடோவிலிருந்து டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து மத்தியானம் இறக்கினார்கள். 1987 யூகோ ஜி.வி., சிவப்பு, நாலு கியர், மீட்டரில் 31 ஆயிரம் மைல். அன்றைக்குப் புது வண்டியின் விலை 3,990 டாலர், நான் அதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்திருக்கிறேன், ஆனால் இந்தத் தேதிக்கு இப்படி ஒன்று ஓடும் நிலையில் கிடைப்பதே அபூர்வம். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு கராஜுக்குப் போய் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டெப்னி எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. படத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனாலும் கையை வைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 7

பெல்ட்டை எப்போது மாற்றினார்கள்? விற்ற பெரியவருக்குத் தெரியவில்லை. வண்டி அவருடைய மைத்துனருடையது, மைத்துனர் இப்போது இல்லை, ரசீது ஏதாவது இருந்தால் அனுப்புகிறேன் என்றார். டைமிங் பெல்ட்டை 40 ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது இந்த வண்டிக்குச் சொன்ன கணக்கு. அந்த மைல் இன்னும் ஆகவில்லை, சரி, ஆனால் ரப்பர் மைலைப் பார்த்தா இற்றுப்போகிறது, சும்மா நிற்கும்போதும் வயதாகிறதே. இந்த எஞ்சினில் வால்வு இறங்குகிற இடமும் பிஸ்டன் ஏறி வருகிற இடமும் ஒன்றுதான். இரண்டும் ஒரே சமயத்தில் அங்கே வந்துவிடாமல் காப்பது அந்தப் பல் வைத்த ரப்பர் பட்டை மட்டும். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும், ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். அந்தக் காலத்தில் அந்தச் செலவுக்கு வண்டியே வாங்கிவிடலாம் போல இருந்ததால் எத்தனையோ யூகோக்கள் நேராகப் பழைய இரும்புக்குப் போயின. நான் ஸ்டார்ட் பண்ணப் போவதில்லை. பெல்ட் தெரியாமல் சாவியைத் திருப்புவதில்லை.

ஏப்ரல் 9

தம்பி பேசினான். அப்பாவுக்கு ஸ்கேன் வியாழக்கிழமை.

ஏப்ரல் 12

ஆபீசில் யாரோ படத்தைப் பார்த்துவிட்டு, யூகோ என்றாலே ஓட்டை வண்டி என்கிற அதே பழைய ஜோக்குகளை ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, வந்ததை மறைக்கவும் இல்லை.

இந்த வண்டி மோசமாகச் செய்யப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. பெயின்ட் மெல்லிசு, கதவு இடுக்குகள் ஒன்றுபோல் இருக்காது, பிளாஸ்டிக் தொட்டால் முனகும். ஆனால் இதன் கதையை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. யூகோஸ்லாவியாவில் கிராகுயேவாட்ஸ் என்ற ஊரில், பீரங்கி வார்ப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஆலையின் வழியில் வந்தது யூகோவைச் செய்த ஸாஸ்தவா நிறுவனம். பியட்டிடம் உரிமம் வாங்கி வண்டி செய்தவர்கள். யூகோ பியட் 127இன் அடித்தளத்தைக் கொஞ்சம் குறுக்கிச் செய்தது, எஞ்சின் 1,116 சிசி, 55 குதிரைசக்தி. அந்த நாட்டு ஜனங்களுக்காக, அந்த நாட்டு ரோட்டுக்காகச் செய்த வண்டி. அதை 1985இல் மால்கம் பிரிக்லின் என்ற தொழிலதிபர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். 1968இல் சுபாருவை இங்கே கொண்டுவந்தவர்களில் ஒருவரும் அவர்தான், அதனால் சந்தை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. எல்லாமே அவசரம். அமெரிக்கப் புகை விதி, பாதுகாப்பு விதி இரண்டுக்கும் ஏற்றபடி ஏராளமான மாற்றங்கள் செய்து, குறைந்த காலத்தில் கப்பலேற்றினார்கள். 1992 வரை மொத்தம் 1,41,000க்கும் மேல் விற்றது.

எனக்குப் புரியாதது, இல்லை, புரிந்தும் ஆறாதது இதுதான்: விலை குறைந்த வண்டிக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும். 40 ஆயிரம் மைலில் பெல்ட், அடிக்கடி ஆயில், கார்பரேட்டர் டியூனிங். அதை வாங்கினவர்களிடம் விலையைத்தான் சத்தமாகச் சொன்னார்கள், பெல்ட்டைச் சொல்லவில்லை. முதல் காராக வாங்கின மாணவன், இரண்டாவது வேலைக்குப் போக வாங்கின அம்மா, இவர்களிடம் போய் இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிற மாதிரி விற்றால், அவர்கள் தூக்கித்தான் போடுவார்கள்.

ஏப்ரல் 19

டெட்ராய்ட்டை ஒட்டிய ஹேம்ட்ராமிக்கில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். போஸ்னியாக்காரர், எழுபது வயது இருக்கும். போனில் வண்டியின் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், ஸ்டார்ட் பண்ணாதே, டிரக்கில் ஏற்றிக் கொண்டு வா என்றார். நான் ஸ்டார்ட் பண்ணவில்லை என்றேன். நல்லது என்றார்.

போய் இறக்கினதும் முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவர் ஓட்டக் கற்றது இதற்கு முந்தைய வண்டியில், ஸாஸ்தவா 750, பியட் 600இன் பிள்ளை. கல்யாணமான வருஷம் யூகோ வாங்கி, நாலு பேரும் மூட்டைகளுமாகக் கடற்கரை வரை போவார்களாம். அவருக்கு இது ஜோக் இல்லை. யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த யுத்தத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 20

ரிசல்ட் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 23

தூக்கம் இல்லை. இந்தியாவில் இப்போது மத்தியானம், தம்பி ஏன் கூப்பிடவில்லை.

மே 4

பழைய பெல்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மடக்கிப் பார்த்தால் பல்லின் அடியில் விரிசல். எழுத்து அழிந்துபோய்த் தேதி தெரியவில்லை. புதுப் பெல்ட், டென்ஷனர், ஆயில் சீல்கள் எல்லாம் போட்டாயிற்று. இந்த எஞ்சின் பியட் 128 வம்சம், அதனால் பழைய பியட்களுக்குச் சாமான் விற்கிறவர்களிடம் பாதி கிடைத்துவிடுகிறது. கதவுப் பிடி, மேற்கூரைத் துணி போன்றவைதான் கிடைக்காது. உள்பக்கக் கைப்பிடி ஒன்று தொட்ட உடனே கையோடு வந்துவிட்டது, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலான பிளாஸ்டிக், அதைச் சொல்லி என்ன.

சாவியைத் திருப்பினேன். முதலில் இருமியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அவர் டைமிங் லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

மே 5

அப்பாவிடம் பேசினேன். குரல் மெலிந்திருக்கிறது. ஆனாலும் கேட்டார்.

"ஏட்டி, பெல்ட்ட மாத்திட்டியா?"

"மாத்தியாச்சுப்பா."

"நம்ம பியட்டுல அந்தத் தொல்ல கெடையாது. அதுல செயின்லா."

உண்மைதான். ஊரில் நாங்கள் வைத்திருந்த பியட், பிரீமியர் பத்மினி, அதில் செயின். 1,089 சிசி, கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில் பின்சீட்டில் நாங்கள் மூணு பேர். அது பியட் 1100 வழி வந்தது, இது 127 வழி.

"அப்பம் இது நம்ம வண்டிக்கு என்ன முறைட்டி?"

"சித்தி மகன்னு வச்சுக்கோங்கப்பா."

சிரித்தார், சிரித்து இருமினார், அம்மா போனை வாங்கிவிட்டாள்.

மே 6

நேரு, யூகோஸ்லாவியாவின் டிட்டோ, எகிப்தின் நாசர் மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற படம் அப்பாவின் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்ததாம், டிட்டோ தேசத்து வண்டி என் வீட்டிலா என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். என் வீடு என்கிறார். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 25

பாலம்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 1989 செப்டம்பர் 22, மிச்சிகனின் வடக்கே மேக்கினா பாலத்தில் பலத்த காற்று, ஒரு யூகோ கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஜலசந்தியில் விழுந்தது. ஓட்டிவந்த இளம்பெண் இறந்துபோனாள். அதுவும் 1987 மாடல். வேகம்தான் காரணம் என்று ஒரு பேச்சு, காற்றுதான் என்று இன்னொரு பேச்சு. ஊருக்கு நினைவிருப்பது காற்று தூக்கிப் போட்ட வண்டி என்பது மட்டும். ஒரு பெண் செத்ததை வண்டியின் எடையைப் பற்றிய ஜோக்காக ஆக்கி வைத்திருக்கிறார்கள். இதன் எடை சுமார் 830 கிலோ. அன்றைக்கு அந்தப் பாலத்தில் வேறு சின்ன வண்டிகளும் போயிருக்கும்.

நான் அந்தப் பாலத்தில் இதை ஓட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால் இவருக்கு, என் கணவருக்கு, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உனக்கு இப்போது இருக்கிற கவலை போதாதா என்றார்.

ஜூன் 2

கொஞ்சம் மழை. வண்டியை வெளியே எடுக்கவில்லை. அடித்தகட்டில் துரு பார்த்தேன், பின்சக்கர வளைவில் ஒரு ரூபாய் அளவு. குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் கொட்டுகிற உப்பு எந்த வண்டியையும் தின்றுவிடும், இது அந்த உப்பை அதிகம் பார்க்காததால்தான் உயிரோடு இருக்கிறது.

ஜூன் 14

பழைய வாகனத்துக்கான நம்பர் பிளேட் வந்துவிட்டது. மிச்சிகனில் இந்த பிளேட் போட்டால் கண்காட்சி, ஊர்வலம் மாதிரிக் காரியங்களுக்குத்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் சாதாரண வண்டி மாதிரி எங்கேயும் போகலாம். அப்படியானால் ஆகஸ்ட்.

ஜூன் 15

இரண்டாவது ஊசி. சாப்பிடவில்லையாம்.

ஜூலை 8

பெட்ரோல் வாடை. கராஜ் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. கார்பரேட்டருக்குப் போகிற பழைய ஹோஸ் வெடித்திருக்கிறது, சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. பேட்டரியைக் கழற்றி, கதவுகளைத் திறந்துபோட்டு, ஹேம்ட்ராமிக்காரரைக் கூப்பிட்டேன். ரப்பர் என்று எது இருந்தாலும் மாற்று, யோசிக்காதே என்றார். மாற்றிக்கொண்டிருக்கும்போது, 1999 ஏப்ரலில் நேட்டோ விமானங்கள் கிராகுயேவாட்ஸ் ஆலையில் குண்டு போட்டபோது ஆட்கள் உள்ளேயே இருந்தார்கள், ஆலையைக் காப்பாற்ற வெளியேற மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள், நிறையப் பேருக்குக் காயம் என்று சொன்னார், கையை நிறுத்தாமலே. அவர் எந்தப் பக்கத்து ஆள், அந்த ஆலை எந்தப் பக்கம், எல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆலை என்றால் ஆலைதான் என்றார். அதற்குப் பிறகும் 2008 நவம்பர் வரை அங்கே யூகோ செய்துகொண்டிருந்தார்கள். பிறகு அந்த இடம் பியட் கைக்குப் போனது.

ஜூலை 21

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பெல்ட் சத்தம் மாதிரி ஏதோ கேட்கிறது. கேட்கவில்லை. கேட்கிறது.

ஜூலை 22

அது ஆல்டர்னேட்டர் பெல்ட். இறுக்கியாயிற்று.

ஆகஸ்ட் 10

போய்வந்தேன். இவரும் கூட வந்தார், கடைசி நிமிஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர் கேன்டனிலிருந்து விடியற்காலை. ஐ-75இல் வலது ஓரம், 60 மைலுக்கு மேல் போகவில்லை. நாலே கியர் என்பதால் அந்த வேகத்திலேயே எஞ்சின் உரக்கக் கத்துகிறது, பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டும், அதனால் பேசவில்லை. பெரிய டிரக் கடக்கும்போது முதலில் ஒரு தள்ளு, அப்புறம் ஒரு இழுப்பு. ஸ்டீயரிங்கைப் பிடித்தே ஓட்ட வேண்டும், ஆனால் அது சொல்வது எல்லாம் கைக்கு வருகிறது, ரோட்டில் எந்த இடம் மேடு, எது பள்ளம், எல்லாம். கேலர்ட் பக்கம் 45ஆவது அட்சக்கோட்டுப் பலகை. பெட்ரோல் போட நின்ற இடத்திலெல்லாம் யாராவது வந்து, எங்கள் அத்தை வைத்திருந்தார், எங்கள் அண்ணன் வைத்திருந்தான் என்றார்கள். கிண்டல் பண்ணவில்லை யாரும். ஒருவர் மட்டும் பெல்ட் மாற்றினாயா என்று கேட்டார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மேக்கினா சிட்டியில் நிறுத்தி டயர் காற்று பார்த்தேன், ஆயில் பார்த்தேன். காற்று லேசாகத்தான் இருந்தது, எச்சரிக்கை எதுவும் போடவில்லை. பயமாக இருக்கிறவர்களுக்குப் பாலத்து ஆட்களே வந்து வண்டியை ஓட்டிக் கொடுக்கிற ஏற்பாடு உண்டு, அதைக் கேட்கலாமா என்றார் இவர். நான் பதில் சொல்லாமல் கியரைப் போட்டேன்.

பாலம் 8 கிலோமீட்டர். 1957இல் திறந்தது. உள்பக்க லேன் இரும்புக் கம்பி வலை, காற்று கீழிருந்து மேலே போக வழிவிட்டது அது. அதில் டயர் ஊளையிடும், வண்டி லேசாக நெளியும் என்று படித்திருந்தேன், வெளிப்பக்கத் தார் லேனிலேயே போனேன். 45 மைல் வரம்பு, நான் 40. நடுவில் தண்ணீர் சுமார் 200 அடி கீழே. பக்கவாட்டில் ஒருமுறை காற்று தட்டியது, திருத்தினேன், தட்டியது, திருத்தினேன், அவ்வளவுதான். அவளை நினைத்தேன். பாலத்தின் நடுவிலேயே வாய்விட்டு அழுதேன், கையை எடுக்கவில்லை. இவர் எதுவும் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

செயின்ட் இக்னஸ் பக்கம் டோல், 4 டாலர். வாங்கின பெண் பானெட்டைத் தட்டிக் கொடுத்தாள். பேஸ்டி, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்டது, சாப்பிட்டோம். அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன்.

ஆகஸ்ட் 11

வீடியோவை அப்பா பார்த்தாராம். தம்பி சொன்னான். நாலுமுறை போடச் சொன்னாராம்.

ஆகஸ்ட் 17

டிக்கெட் எடுத்தாயிற்று. திருவனந்தபுரம் வரை, அங்கிருந்து தம்பி கார் அனுப்புகிறான். திரும்பும் தேதி போடவில்லை.

ஆகஸ்ட் 18

இவருக்கு எழுதி வைப்பது: வாரம் ஒருமுறை எடுக்கவும், ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினால் போதாது, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டவும், ஆகஸ்ட் முடிந்தபிறகு மெக்கானிக் கடைக்குப் போய்வருவதைத் தவிர வேறெங்கும் வேண்டாம். முதல் ஐந்து நிமிஷம் விரட்ட வேண்டாம். மழையில் எடுக்க வேண்டாம். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடக்கூடாது, ஹேம்ட்ராமிக் நம்பர் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. டாங்க்கை நிரப்பியே வைக்கவும். அக்டோபர் கடைசிவரை நான் வராவிட்டால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கவும், டயரில் காற்று கூட்டவும், உப்பு போட ஆரம்பித்தபிறகு கராஜ் வாசலைத் தாண்டக்கூடாது. பெல்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், புதுசு. தேதியை வெள்ளை பெயின்ட்டால் கவரில் எழுதியிருக்கிறேன்.